நிழற்படத்தில் எஞ்சிய முகங்கள்

கம்போங் ராஜாவின் தேயிலைச் சரிவுகளிலிருந்து மேற்கு நோக்கி இறங்கும் மலைச்சாலை, அடர்ந்த காடுகளைக் கடந்து பேரா மாநிலத்தின் சிம்பாங் பூலாயில் சமவெளியை அடைகிறது. அங்கிருந்து தெற்கே சிறிது தொலைவில் இருப்பது கோப்பெங் என்னும் பழைய ஈயச் சுரங்க ஊர். 1879 ஆம் ஆண்டில் அவ்வூரில் மருந்துக் கடை தொடங்கிய சீனக் குடும்பத்தில் வந்தவர் யூ தோங் சென். ஈயமும் ரப்பரும் தந்த செல்வத்தால் மலாயாவின் பெருந்தனவந்தருள் ஒருவராக உயர்ந்த அவர், முதல் உலகப் போரின்போது பிரிட்டனுக்கு ஒரு டாங்கி வண்டியை அன்பளிப்பாக வழங்கினார். அந்த வண்டியின் முன்புறத்தில் இரண்டு பெரிய கண்கள் எழுதப்பட்டன. கண் இல்லாத கலம் வழி அறியாது என்பது சீன மரக்கலத்தாரின் நெடுநாளைய நம்பிக்கை. டாங்கிக்குக் கண் எழுதும் அவ்வழக்கம், அந்தப் படைப்பிரிவின் வழிவந்த பிரிட்டிஷ் டாங்கிப் படையில் நூறாண்டு கடந்தும் நிலைத்துள்ளது.

இவ்வழக்கம் தமிழர்க்கும் புதிதன்று. சிற்பி கல்லில் எல்லா உறுப்புகளையும் செதுக்கிய பின்னரும், கண் திறக்கும் வரை அது கல்லாகவே கருதப்படுகிறது. புது வீட்டின் முகப்பிலும் சரக்கு லாரியின் முன்புறத்திலும் கோரைப்பல் முகத்தை எழுதி வைக்கும் வழக்கத்தைத் தமிழகச் சாலைகளில் இன்றும் காணலாம். உயிரை ஒப்படைத்துப் பயணம் செய்யும் பொருளுக்கு ஒரு முகம் வேண்டும் என்னும் எண்ணம் மனிதகுலத்திற்குப் பொதுவானது போலும். இவ்வெண்ணமே இரண்டாம் உலகப் போரின்போது ஆகாய விமானங்களின் மூக்குப் பகுதியில் ஓவியமாக மலர்ந்தது. அதனை மூக்கோவியம் என்று அழைப்பது பொருந்தும்.

அந்த ஓவியங்களுள் மிகப் பெரும்பாலானவை இன்று இல்லை. அவற்றின் கறுப்பு வெள்ளை நிழற்படங்கள் மட்டுமே எஞ்சியுள்ளன. மங்கிய அந்தப் படங்களைக் கொண்டு அழிந்த ஓவியங்களை மீண்டும் எழுதும் முயற்சி உலகின் பல அருங்காட்சியகங்களில் நடைபெற்று வருகிறது. விமான ஆர்வலரின் பொழுதுபோக்காகத் தோன்றும் அப்பணி, உண்மையில் வரலாற்றை எவ்வாறு படிப்பது, எவ்வாறு மீட்பது, எந்த எல்லையில் நிறுத்திக்கொள்வது என்னும் மூன்று வினாக்களையும் எழுப்புகிறது.

முகம் பெற்ற விமானங்கள்

விமானத்தில் ஓவியம் எழுதும் வழக்கம் முதல் உலகப் போரிலேயே வேரூன்றிவிட்டது. இத்தாலிய வீரர் பிரான்செஸ்கோ பராக்கா தம் விமானத்தில் எழுதிக்கொண்ட தாவும் குதிரை, பிற்காலத்தில் பெராரி மோட்டார் வண்டியின் சின்னமாகியது. இரண்டாம் உலகப் போரில் புகழ்பெற்றது சுறாவின் வாய். மெஸ்ஸர்ஷ்மிட் 110 ரக விமானங்களைச் செலுத்திய ஜெர்மானியப் படைப்பிரிவு ஒன்று அதனை முதலில் எழுதிக்கொண்டது. அதைக் கண்ட பிரிட்டனின் 112 ஆம் படைப்பிரிவு 1941 ஆம் ஆண்டில் வட ஆப்பிரிக்காவில் தன் விமானங்களில் அதே வாயை எழுதியது. அப்படைப்பிரிவு விமானத்தின் நிழற்படம் ஒன்று, பர்மாவில் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்த அமெரிக்கத் தன்னார்வ வீரர்களின் கண்ணில் பட்டது. பறக்கும் புலிகள் என்று உலகம் அழைத்த அவ்வீரர்கள், உடனே தம் விமானங்களுக்கும் சுறா முகத்தைத் தீட்டினர். ஜெர்மனியில் பிறந்த ஓர் ஓவியம், ஆப்பிரிக்கப் பாலைவனத்தின் வழியாக, ஒரு நிழற்படத்தின் துணையால் பர்மாவை வந்தடைந்தது. நிழற்படத்தைப் பார்த்து மூக்கோவியத்தை மீண்டும் எழுதும் கலை, போர் நடந்துகொண்டிருந்தபோதே தோன்றிவிட்டது என்பதற்கு இதுவே சான்று.

குண்டுவீச்சு விமானங்களில் இக்கலை செழித்ததற்கு வேறொரு காரணமும் உண்டு. லிபரேட்டர் என்னும் நான்கு இயந்திர விமானம் மட்டும் 18,000க்கும் மேற்பட்ட எண்ணிக்கையில் உற்பத்தி செய்யப்பட்டது. ஒரே அச்சில் வார்த்த அந்த விமானங்களை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துக் காட்டியது வால் பகுதியில் இருந்த எண் மட்டுமே. ஆனால் அதில் பறந்த இளைஞர்களோ எண்களாக இருக்க விரும்பவில்லை. இன்று புறப்பட்டு நாளை திரும்புவோமா என்று அறியாத அவர்கள், தம் விமானத்திற்கு ஒரு பெயரையும் முகத்தையும் கொடுத்தனர். சிலர் பிறந்த ஊரை எழுதினர். சிலர் காதலியை எழுதினர். சிலர் சித்திரக்கதைப் பாத்திரங்களை எழுதினர். பலர் எஸ்குவயர் சஞ்சிகையில் ஜார்ஜ் பெட்டியும் அல்பர்ட்டோ வார்கஸும் வரைந்த அழகியரைப் பார்த்து எழுதினர். அவ்வோவியங்களுள் நாணத்தக்கனவும் உண்டு. எதிரி நாட்டு மக்களை இழிவாகச் சித்திரித்தனவும் உண்டு. அவையும் அக்காலத்தின் மனநிலையைக் காட்டும் சான்றுகளே.

இவற்றை எழுதியோர் பெரும்பாலும் பெயர்பெற்ற ஓவியர் அல்லர். விமானத்தைப் பழுதுபார்க்கும் சிப்பாய்களுள் தூரிகை பிடிக்கத் தெரிந்தவரே ஓவியர் ஆயினர். இங்கிலாந்தில் இருந்த அமெரிக்கப் படைப்பிரிவு ஒன்றில் பணியாற்றிய டோனி ஸ்டார்சர் என்பவர் நூற்றுக்கும் மேற்பட்ட விமானங்களில் ஓவியம் தீட்டினார். புகழ்பெற்ற மெம்பிஸ் பெல் விமானத்தின் பெண்ணுருவமும் அவர் கைவண்ணமே.

வானூர்திப் படைகளுக்குப் பெயர் வழங்கியதில் தமிழ் நிலங்களுக்கும் பங்குண்டு. இரண்டாம் உலகப் போரின்போது போர் நிதி திரட்டி வழங்கிய நாடுகளின் பெயரைப் பிரிட்டிஷ் வான்படைப் பிரிவுகள் தாங்கின. 79, 99, 234, 264 ஆகிய எண்களுடைய படைப்பிரிவுகள் மதராஸ் மாகாணத்தின் பெயரையும், 102 ஆம் படைப்பிரிவு இலங்கையின் பெயரையும், 214 ஆம் படைப்பிரிவு மலாய்க் கூட்டு மாநிலங்களின் பெயரையும் பெற்றன. இவற்றுள் 99 ஆம் படைப்பிரிவு பின்னர் இக்கட்டுரையில் மீண்டும் வரும்.

அழிவும் எச்சமும்

1945 ஆம் ஆண்டில் போர் முடிந்தது. ஆயிரக்கணக்கான விமானங்களுக்கு ஒரே நாளில் பயனில்லாமற் போயிற்று. அமெரிக்காவில் அரிசோனாவின் கிங்மன், ஆர்க்கன்சாவின் வால்நட் ரிட்ஜ் போன்ற இடங்களில் அவை வரிசை வரிசையாக நிறுத்தப்பட்டு, வெட்டப்பட்டு, உலையிலிட்டு அலுமினியப் பாளங்களாக உருக்கப்பட்டன. ஓவியங்களும் உலோகத்தோடு உருகின. வால்நட் ரிட்ஜில் அப்பணியை மேற்பார்வை செய்த மைனட் பிராட் என்பவர், மனம் பொறாமல் சில விமானங்களின் ஓவியப் பகுதியை மட்டும் கோடரியால் வெட்டி எடுத்து வைத்தார். அவ்வாறு தப்பிய 33 தகடுகள் பின்னர் டெக்சஸ் மாநிலத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டன. ஆயிரக்கணக்கில் இருந்தவற்றுள் மூலமாகவே எஞ்சியவை மிகச் சிலவே. ஏனையவற்றுக்கு நிழற்படமே சாட்சி.

சாட்சியை விசாரிக்கும் முறை

நிழற்படம் பொய் சொல்லாது என்பர். ஆயினும் அது முழு உண்மையையும் தானாகச் சொல்லிவிடாது. அதனிடம் முறையறிந்து வினவ வேண்டும்.

முதல் வினா நிறத்தைப் பற்றியது. கறுப்பு வெள்ளைப் படத்தில் சிவப்பும் பச்சையும் நீலமும் சாம்பல் நிறமாகவே தோன்றும். போதாக்குறைக்கு அக்காலப் படச்சுருள்களுள் ஒரு வகை சிவப்பு ஒளியை உணராது. அதில் சிவப்பு ஏறத்தாழக் கறுப்பாகவும், மஞ்சள் கருமையாகவும், நீலம் வெளிறியும் பதியும். பிரிட்டிஷ் விமானங்களின் வட்டச் சின்னத்தைச் சுற்றியிருந்த மஞ்சள் வளையம் சில படங்களில் கறுப்பு வளையம் போலத் தோன்றுவதற்கு இதுவே காரணம். இதை அறியாதவர் மஞ்சள் சேலையைக் கறுப்புச் சேலை என்று எழுதிவிடுவர். அறிந்தவரோ இக்குறையையே அளவுகோலாக மாற்றிக்கொள்வர். வட்டச் சின்னத்தின் நிறங்கள் படைவிதிப்படி அமைந்தவை. ஆதலால் ஐயத்திற்கு இடமில்லாதவை. அதே படத்தில் அந்த நிறங்கள் எவ்வாறு பதிந்துள்ளன என்று பார்த்தால், படச்சுருள் எவ்வகையைச் சேர்ந்தது என்பது விளங்கும். பின்னர் ஓவியத்தின் சாம்பல் நிறங்களை அவற்றோடு ஒப்பிட்டு மூல நிறத்தை அணுகலாம்.

அப்போதும் எச்சரிக்கை வேண்டும். மெம்பிஸ் பெல் விமானத்தின் இருபுறமும் ஒரே பெண்ணின் உருவம் எழுதப்பட்டது. இடப்புறத்தில் அவள் உடை நீலம், வலப்புறத்தில் சிவப்பு. ஒரு பக்கத்தை மட்டும் அறிந்து மறுபக்கத்தை ஊகித்தவர் தவறியே போவார். பன்னிரண்டு ஆண்டுகளுக்கும் மேலான செப்பனிடும் பணிக்குப் பின்னர், 2018 ஆம் ஆண்டு மே மாதம் 17 ஆம் நாள் அவ்விமானம் ஒஹாயோ மாநிலத்தின் டேட்டன் நகரில் உள்ள அருங்காட்சியகத்தில் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது.

இரண்டாவது வினா அளவைப் பற்றியது. விமானத்தின் மூக்கு வளைந்தது; படம் எடுத்தவர் தரையில் நின்று அண்ணாந்து எடுத்தார்; ஓவியத்திற்கு முன்னால் வீரர்கள் வரிசையாக நின்று அதன் பாதியை மறைத்தனர். இந்நிலையில் ஓவியத்தின் உண்மையான உயரத்தை எங்ஙனம் அறிவது? விடை தகட்டின் இணைப்புக் கோடுகளிலும் ஆணித் தலைகளிலும் இருக்கிறது. தொழிற்சாலை வரைபடங்களில் ஒவ்வொரு தகட்டின் அளவும் குறிக்கப்பட்டுள்ளது. எழுத்து எந்த ஆணி வரிசையில் தொடங்கி எதில் முடிகிறது என்று எண்ணினால் அளவு கிடைக்கும். ஒரு படத்தில் மறைந்த கையை வேறொரு படத்தில் காணலாம். பல படங்களைச் சேர்த்தே ஓர் ஓவியம் முழுமை பெறுகிறது.

மூன்றாவது வினா காலத்தைப் பற்றியது. அமெரிக்க விமானங்களின் வெண்ணட்சத்திரத்தின் நடுவே இருந்த சிவப்புப் பொட்டு, ஜப்பானியச் சின்னத்தோடு மயங்காதிருக்க 1942 ஆம் ஆண்டு மே மாதத்தில் நீக்கப்பட்டது. 1943 ஆம் ஆண்டின் நடுவில் நட்சத்திரத்தின் இருபுறமும் வெள்ளைப் பட்டைகள் சேர்க்கப்பட்டன. தென்கிழக்காசியப் போர்முனையில் பிரிட்டிஷ் வட்டச் சின்னத்திலிருந்தும் சிவப்பு நீக்கப்பட்டது. ஆகவே, சின்னத்தைப் பார்த்தே படம் எடுத்த காலத்தை ஓரளவு வரையறுக்கலாம். விமானம் ஒவ்வொரு தாக்குதலை முடித்துத் திரும்பும்போதும் மூக்கில் ஒரு சிறு குண்டின் உருவம் எழுதப்படும். வங்காளத்தில் கரக்பூர், பியார்டோபா முதலிய தளங்களிலிருந்து இயங்கிய பி-29 விமானங்களிலோ குண்டுகளோடு ஒட்டகங்களும் காணப்படும். இமயமலையின் கிழக்குத் தொடரை விமானிகள் திமில் என்று அழைத்தனர். அத்திமிலைக் கடந்து சீனத்திற்குப் பொருள் சுமந்து சென்ற ஒவ்வொரு பயணத்திற்கும் ஓர் ஒட்டகம் எழுதப்பட்டது. ஒரு படத்தில் நான்கு ஒட்டகங்களும் மற்றொன்றில் ஏழும் இருந்தால், எது முந்தியது என்பதைக் கூற வேறு சான்று வேண்டுவதில்லை.

கல்வெட்டை மசிப்படி எடுத்து, எழுத்தின் வடிவத்தைக் கொண்டு அதன் காலத்தைக் கணிக்கும் ஆய்வாளரின் முறைக்கும் இதற்கும் பெரிய வேறுபாடு இல்லை. பொருள் வேறு; நெறி ஒன்றே.

உடல் பிழைத்தது, முகம் மாறியது

நிழற்படத்திலிருந்து முகத்தை மீட்டபின் அதனை எழுத ஓர் உடல் வேண்டும். இங்கே இந்தியாவின் பெயர் எதிர்பாராத வகையில் வரலாற்றில் நுழைகிறது.

போர் முடிந்தபின் பிரிட்டிஷ் வான்படை தன் லிபரேட்டர் விமானங்களைக் கான்பூரில் கைவிட்டுச் சென்றது. வேறெவரும் பயன்படுத்தாதபடி அவை சிதைக்கப்பட்டும் இருந்தன. விடுதலை பெற்ற இந்தியாவுக்கோ குண்டுவீச்சு விமானங்கள் தேவைப்பட்டன. பெங்களூரில் இருந்த இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையின் பணியாளர்கள் அந்தச் சிதைவுக் குவியலில் இறங்கினர். ஒன்றின் இறக்கையையும் மற்றொன்றின் இயந்திரத்தையும் சேர்த்துப் பறக்கும் நிலைக்குக் கொண்டுவந்தனர். ஜம்ஷெட் முன்ஷி என்னும் சோதனை விமானி அவற்றை ஒவ்வொன்றாகப் பெங்களூருக்கு ஓட்டிச் சென்றார். அங்கே அவை முழுமையாகச் செப்பனிடப்பட்டன. இவ்வாறு 40க்கும் மேற்பட்ட விமானங்கள் மறுபிறவி எடுத்தன. 1948 ஆம் ஆண்டிலிருந்து 1968 ஆம் ஆண்டின் இறுதி வரை அவை இந்திய வான்படையில் பணியாற்றின. உலகில் லிபரேட்டரைக் கடைசி வரை போர்ப்படையில் வைத்திருந்த நாடு இந்தியாவே.

அமெரிக்கா தன் லிபரேட்டர்களை உருக்கிவிட்டிருந்தது. ஆதலால், அருங்காட்சியகங்களுக்கு அவ்விமானம் வேண்டும் என்ற நிலை வந்தபோது உலகம் இந்தியாவை நோக்கித் திரும்பியது. இன்று உலகில் எஞ்சியிருக்கும் லிபரேட்டர்களுள் பல, பெங்களூர்த் தொழிலாளரின் கைபட்டுப் பிழைத்தவை. தில்லியின் பாலம் அருங்காட்சியகத்தில் ஒன்று உள்ளது. வேறொன்று 1974 ஆம் ஆண்டில் இந்தியாவின் அன்பளிப்பாகப் பிரிட்டனுக்குப் பறந்தே சென்றது. கேஎன் 751 என்னும் எண்ணுடைய அவ்விமானம், போரின் இறுதியில் மதராஸ் மாகாணத்தின் பெயர் தாங்கிய 99 ஆம் படைப்பிரிவில் இருந்தது. இந்துமாக்கடலின் கொக்கோஸ் தீவில் 1945 ஆம் ஆண்டில் தங்கியிருந்த படைப்பிரிவு அது. இப்போது அவ்விமானம் பிரிட்டனின் அரச வான்படை அருங்காட்சியகத்தில் தன் சொந்த எண்ணோடு காட்சியளிக்கிறது.

ஆனால் எல்லா விமானங்களுக்கும் அப்பேறு வாய்க்கவில்லை. இந்தியாவில் பணியாற்றிய மற்றொரு லிபரேட்டரை அமெரிக்காவின் காலிங்ஸ் அறக்கட்டளை 1984 ஆம் ஆண்டில் வாங்கி, பெருஞ்செலவில் செப்பனிட்டு, 1989 ஆம் ஆண்டில் மீண்டும் பறக்கவிட்டது. முதலில் அது 'ஆல் அமெரிக்கன்' என்னும் விமானத்தின் முகத்தைத் தாங்கியது. பின்னர் 'தி டிராகன் அண்ட் ஹிஸ் டெயில்' என்னும் விமானத்தின் ஓவியம் அதில் எழுதப்பட்டது. பசிபிக் போர்முனையில் சார்க்கிஸ் பார்ட்டிகியன் என்னும் சிப்பாய் விமானத்தின் மூக்கிலிருந்து வால் வரை நீளுமாறு தீட்டிய பறக்கும் நாகம் அது. மூல விமானம் கிங்மனில் உருக்கப்பட்டு அரை நூற்றாண்டு கடந்தபின், பழைய நிழற்படங்களின் துணையால் அந்த நாகம் மீண்டும் வானத்தில் எழுந்தது. 2005 ஆம் ஆண்டில் அதுவும் நீக்கப்பட்டு, 130 தாக்குதல்களை முடித்த 'விட்ச்கிராப்ட்' என்னும் விமானத்தின் முகம் எழுதப்பட்டது.

ஓர் உடலுக்கு மூன்று முகங்கள், மூன்றும் பிறருடையவை. அவ்வுடல் தானே வாழ்ந்த வாழ்வு, பிரிட்டிஷ் படையில் தொடங்கிக் கான்பூர்ச் சிதைவிலிருந்து மீண்டு, இந்தியக் கடற்கரைகளைக் காத்த வாழ்வு, எந்த முகத்திலும் இல்லை. இது குற்றமா? வீழ்ந்த வீரரை நினைவுகூரும் நோக்கில் அம்முகங்கள் எழுதப்பட்டன, அந்நோக்கம் போற்றத்தக்கதே. ஆயினும் காண்போர் அதனை மூலமே என நம்பிச் செல்வராயின், ஒரு நினைவைக் காக்கும் பணியில் மற்றொரு நினைவு அழிக்கப்பட்டதாகும்.

வெற்றிடம் கற்பிக்கும் பாடம்

இங்கே தமிழாசிரியர் அறிந்த ஒரு சான்று துணை நிற்கிறது. புறநானூற்றில் 400 பாடல்கள் இருக்க வேண்டும். அவற்றுள் 267, 268 ஆம் பாடல்கள் கிடைக்கவில்லை. வேறு பல பாடல்களில் அடிகள் சிதைந்துள்ளன. 1894 ஆம் ஆண்டில் அந்நூலைப் பதிப்பித்த உ.வே. சாமிநாதையர், சங்கத் தமிழில் தோய்ந்தவர். விடுபட்ட அடிகளைத் தாமே இயற்றி நிரப்பியிருந்தால் அக்காலத்தில் கண்டுபிடிப்பார் அரியர். அவர் அவ்வாறு செய்யவில்லை. சிதைந்த இடங்களில் புள்ளிகளை இட்டார். ஏடுகள் வேறுபட்ட இடங்களில் பாடபேதங்களைக் குறித்தார். அந்தப் புள்ளிகள் குறைபாடு அல்ல. எஞ்சிய அடிகள் அனைத்தும் உண்மையானவை என்பதற்கு அவையே உறுதிமொழி.

மூக்கோவியத்தை மீட்போருக்கும் இதுவே நெறியாக வேண்டும். நிழற்படத்தில் தெரிந்தது எது, ஒப்பிட்டு அறிந்தது எது, ஊகித்தது எது என்று பிரித்துச் சொல்லுதல் வேண்டும். நிறம் தெரியாவிடில் தெரியவில்லை என்று எழுதி வைத்தல் வேண்டும். நாணத்தக்க ஓவியம் என்பதற்காக அதற்குச் சேலை உடுத்துதலும், புகழ் வேண்டி இல்லாத குண்டுகளை எழுதுதலும் வரலாற்றுக்குச் செய்யும் தீங்கே. எழுதப்பட்ட முகத்தின் அருகே, அதனைத் தாங்கும் உடலின் கதையும் ஒரு பலகையில் இடம்பெறுதல் வேண்டும்.

தரையிலிருந்து பார்த்தவர்கள்

இந்த விமானங்கள் பறந்த வானம் மலாயாவின் வானமும்கூட. 1944 ஆம் ஆண்டு நவம்பர் 5 ஆம் நாள் வங்காளத் தளங்களிலிருந்து புறப்பட்ட பி-29 விமானங்கள் சிங்கப்பூர்க் கப்பற்றளத்தைத் தாக்கின. 1945 ஆம் ஆண்டு பிப்ரவரி 19 ஆம் நாளும் மார்ச் 10 ஆம் நாளும் கோலாலம்பூரின் ரயில்வே பணிமனைகள் தாக்கப்பட்டன. ரயில் நிலையத்திற்கு அருகில் இருந்த சிலாங்கூர் அருங்காட்சியகமும் மார்ச் 10 ஆம் நாள் குண்டுக்கு இரையாகி ஒரு பகுதியை இழந்தது. அவ்விடத்தில்தான் 1963 ஆம் ஆண்டில் தேசிய அருங்காட்சியகம் எழுந்தது. அதே 1945 ஆம் ஆண்டில், இலங்கையின் மின்னேரியாவிலிருந்து எழுந்த லிபரேட்டர்கள் வங்கக் கடலைக் கடந்து மலாயாக் காடுகளில் 136 ஆம் படையினருக்கு ஆட்களையும் பொருள்களையும் இறக்கின. கேமரன் மலைக்குத் தென்மேற்கே பீடோரை அடுத்த மலைக்காடுகளில் அப்படையினரின் மறைவிடம் இருந்தது. போர் முடிந்ததும், சிறைக்கைதிகளுக்குச் செய்தி கூறும் துண்டுத் தாள்களையும் பின்னர் மருந்துகளையும் அதே வகை விமானங்கள் வீசின.

செந்தூல் பணிமனையிலும் ரயில் பாதையிலும் உழைத்தவருள் தமிழர் தொகை மிகப் பெரிது. விமானத்தின் மூக்கில் எழுதப்பட்ட ஒவ்வொரு சிறு குண்டும் தரையில் ஓர் ஊரின் மீது வீழ்ந்த நாளைக் குறிக்கிறது. மேலிருந்து எடுத்த படங்கள் ஆவணக் காப்பகங்களில் உள்ளன. விமானிகள் சிரித்து நிற்கும் படங்களும் உள்ளன. ஓவியத்தின் உடை நீலமா சிவப்பா என்று ஆராய அறிஞர்கள் உள்ளனர். தரையில் பதுங்கு குழியில் குனிந்திருந்தவரின் முகம் எந்தப் படத்தில் உள்ளது? அன்று படப்பெட்டி அவர்கள் கையில் இல்லை. படம் பிடிக்க நாட்டை ஆண்டவர் இடம் கொடுக்கவும் இல்லை. இந்த வெற்றிடத்தை எவரும் கற்பனையால் நிரப்ப வேண்டியதில்லை. ஆனால் அங்கே புள்ளிகளையேனும் இட வேண்டும். இங்கும் மக்கள் இருந்தனர் என்பதற்கு அது அடையாளம்.

கடமை

வெற்றிடங்கள் அனைத்தும் நிரந்தரமானவையும் அல்ல. தேயிலைத் தோட்டங்களிலும் ரப்பர்த் தோட்டங்களிலும் வாழ்ந்த குடும்பங்களின் தகரப் பெட்டிகளில் போருக்கு முற்பட்ட படங்களும் பிற்பட்ட படங்களும் இன்னும் கிடக்கின்றன. திருமணப் படம், கோயில் திருவிழாப் படம், தோட்டப் பள்ளியின் வகுப்புப் படம், தேயிலை ஆலையின் முன் தொழிலாளர் வரிசையாய் நிற்கும் படம் எனப் பலவகை. பெரும்பாலானவற்றின் பின்புறம் வெறுமையாகவே இருக்கிறது. பெயர் சொல்லக்கூடிய பாட்டியோ தாத்தாவோ மறைந்தபின், அந்தப் படத்தில் உள்ளவர்கள் எண்ணும் இழந்த விமானங்களாகிவிடுவர்.

விமான ஆய்வாளர் கையாளும் நெறிகளை ஒரு பள்ளி மாணவனும் கையாளலாம். பின்னணியில் தெரியும் பெயர்ப்பலகை எந்த மொழியில் உள்ளது? சுவரில் தொங்குவது எந்த ஆண்டின் நாட்காட்டி? கட்டடத்தின் கூரை அத்தாப்பா, தகரமா? மோட்டார் வண்டியின் எண் எந்த மாநிலத்தைக் காட்டுகிறது? ஒரே திருவிழாவின் வேறொரு படம் பக்கத்து வீட்டில் இருக்கிறதா? இவ்வாறு வினவினால் ஊமைப் படம் பேசத் தொடங்கும். கேட்டு அறிந்ததைப் படத்தின் பின்புறத்தில் மென்மையாகக் கரிக்கோலால் எழுதி, சொன்னவர் பெயரையும் எழுதிய நாளையும் சேர்த்தல் வேண்டும். ஐயமுள்ள இடத்தில் ஐயத்தையும் எழுதுதல் வேண்டும். பழுப்பேறிய படத்திற்குப் புதுக் கருவிகளைக் கொண்டு வண்ணம் ஏற்றுவது இன்று எளிதாகிவிட்டது. ஆனால் கருவி இட்ட வண்ணம் ஊகமே என்பதை மறவாது, மூலப்படத்தை மாற்றாமல் தனியே காத்தல் அதனினும் இன்றியமையாதது.

கோப்பெங் தனவந்தரின் டாங்கிக்கு எழுதிய கண்கள் இன்றும் நினைவில் உள்ளன. கிங்மனில் உருகிய நாகம் நிழற்படத்தின் துணையால் மீண்டும் பறந்தது. போரிட்ட பொறிகளுக்கே முகம் மீட்டுத்தர உலகில் இத்தனை பேர் உழைக்கும்போது, கம்போங் ராஜாவின் சரிவுகளில் கூடை சுமந்து கொழுந்து பறித்த மக்களின் முகத்தை அவர்தம் பேரப்பிள்ளைகள் மீட்காவிடில் வேறெவர் மீட்பர்? அதற்குப் பெருநிதி வேண்டியதில்லை. ஒரு பழைய படமும், அதைப் பார்த்துப் பெயர் சொல்லவல்ல ஒரு முதியவரும், பொறுமையாய்க் கேட்டு எழுதும் ஒரு மாணவனும் போதும்.